‘ஃபைன் கட்டிட்டேன் சார், முடிஞ்சதுதானே?’: சத்தம் போடும் சைலன்சரும் சட்டமும்

பெங்களூரில் டிராஃபிக் கேஸ் பார்க்கும் எந்த வக்கீலிடமும் கேட்டுப் பாருங்கள். சைலன்சர் விவகாரத்தில் கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி தலைப்பில் இருப்பதுதான். சில சமயம் உண்மையிலேயே முடிந்திருக்கும். சில சமயம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். இரண்டில் எது என்பது சலான் ரசீதில் உள்ள பிரிவு எண்ணைப் பொறுத்தது. ஆனால் எல்லோர் கண்ணும் தொகையில்தான் நிற்கிறது. அந்த எண்ணை யாரும் படிப்பதில்லை.

லாவெல் ரோட்டில் ராத்திரி உறுமிக்கொண்டு போகிற கோடி ரூபாய் கார்களைத்தான் இந்தச் சட்டம் தேடுகிறது என்று நினைக்காதீர்கள். மேயோ ஹால் கோர்ட் பக்கம் வக்கீலான என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சேலம், தருமபுரி, ஓசூர்ப் பையன்கள். ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை. செகண்ட் ஹேண்டில் ஒரு போலோ, ஸ்விஃப்ட், இல்லையென்றால் பழைய ஹோண்டா சிட்டி. ஆர்.சி. அப்பா பேரில்.

காருக்கு அடியில் நடப்பது பெரும்பாலும் மூன்று வேலைகள். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று ஸ்டீல் குழாய் போடுவது ஒன்று. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே அறுத்தெடுத்துவிட்டு நேராகக் குழாயை வெல்டு செய்வது இன்னொன்று. மூன்றாவது, ஸ்விட்ச் போட்டால் வால்வு திறந்து, புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும் கட்-அவுட். பட்டாசு மாதிரி வெடிக்க வைக்க இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ரீமேப் இதற்கு மேல் போடும் மசாலா.

கட்-அவுட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது: 194எஃப். முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. தண்டனையில் இலேசானது இதுதான். ரசீதில் இந்த எண் இருந்தால் மூச்சு விடலாம்.

190(2) என்று இருந்தால் கதை வேறு. சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு ஆகியவற்றுக்கான தரங்களை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது இந்தப் பிரிவின் குற்றம். 2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. மறுபடி மாட்டினால் சிறை ஆறு மாதம் வரை போகலாம்.

சிறை என்றதும் பயந்துவிடுகிறார்கள். நடைமுறையில் சைலன்சருக்காக யாரையும் உள்ளே தள்ளுவதை நான் பார்த்ததில்லை. பயப்பட வேண்டியது லைசென்ஸை நினைத்து. பிரிவு 206(4)-ஐப் படித்துப் பாருங்கள். 190-இன் கீழ் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் அதிகாரி லைசென்ஸை எடுத்து, தகுதியிழப்பு நடவடிக்கைக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். சமரசத் தொகை (கோர்ட்டுக்குப் போகாமல் கேஸை முடிக்கக் கட்டும் பணம்) கட்டினாலும் இந்த நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது என்று பிரிவு 200-இலேயே 2019-இல் சேர்த்துவிட்டார்கள். “கட்டிட்டேன், முடிஞ்சது” என்பவர்கள் இடறி விழும் இடம் இதுதான். ஐ.டி. பையனுக்கு மூன்று மாதம் மெட்ரோவில் போவதோடு போயிற்று. கேப் ஓட்டிப் பிழைக்கிறவர் வார இறுதியில் ஆசைக்கு வைத்திருக்கும் சொந்தக் காரில் மாட்டினாலும் போவது அதே லைசென்ஸ்தான். அவருக்கு மூன்று மாதம் அடுப்பு எரியாது.

அடுத்தது 182ஏ(4). வண்டியை அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அந்த 5,000 ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ தனித்தனி. குழாய் ஒன்று, கன்வர்ட்டர் ஒன்று, ஆர்.சி.யில் இல்லாத புது நிறம் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் ரசீது நீளும். இதன் வேர் பிரிவு 52. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது.

190(2)-க்கும் 182ஏ(4)-க்கும் உள்ள வித்தியாசம் எங்கே உதவும் என்பதற்கு ஒரு கேஸ். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் வண்டியை யூஸ்டு கார் ஏஜென்ட்டிடம் வாங்கியவன். ஹெப்பால் மேம்பாலம் தாண்டியதும் நிறுத்தினார்கள். “சைலன்சர் சேஞ்ச் மாடிதீரா?” என்று எஸ்.ஐ. கேட்டார். “நான் மாத்தல சார், வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு” என்றான். எஸ்.ஐ. குனிந்து டார்ச் அடித்தார். கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெல்டிங் தழும்புகள், நடுவில் ஒரு முழம் புதுக் குழாய்.

பையன் சொன்னது உண்மைதான். மாற்றியவர் வேறு யாரோ என்பது 182ஏ(4)-க்கு நல்ல பதில். அந்தப் பிரிவு மாற்றிய உரிமையாளரைத்தான் பிடிக்கிறது. ஆனால் 190(2)-க்கு அது பதிலே இல்லை. யார் மாற்றியிருந்தால் என்ன, ஓட்டியது நீதானே என்று அது கேட்கும். அது மட்டுமில்லை, ஓட்டியவரோடு ‘ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர்’ என்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆர்.சி. அப்பா பேரில். சேலத்தில் நிம்மதியாக ரிட்டயர்மென்ட் வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். “என்ன சார் இது, நான் ஸ்டியரிங்கையே தொடலையே!” என்றார். மகன் வண்டியின் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை என்று வாதாட வேண்டியிருந்தது. நல்லவேளை, நிஜமாகவே கேட்டிருக்கவில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் அரை மணி நேரம் பார்க்கிறார்கள். ஒரு முறை ராம்பில் ஏற்றி அடியில் பார்த்தால் இந்தத் தலைவலி பாதி போய்விடும். விற்பனை ஒப்பந்தத்தில் ‘வண்டியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பின்னால் விற்றவர் மேல் திரும்ப அது உதவும்.

சரி, ரோட்டில் நின்று எடுத்துவிடும் வாதங்களுக்கு வருவோம்.

“மீட்டர் எங்கே? எத்தனை டெசிபல்னு அளந்தீங்களா?” இது கொஞ்சம் வலுவுள்ள வாதம், ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. 2005 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பயணிகள் கார்களுக்கு ஒலி வரம்பு 74 டெசிபல். அது தயாரிப்பு நிலையில், குறிப்பிட்ட முறைப்படி ஓட்டி, ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கும் அளவு. ஆகவே செல்போன் செயலியில் 95 காட்டியது என்று யாராவது சொன்னால் அதை வைத்து அந்த வரம்பை மீறியதாக நிரூபிக்க முடியாது. கோர்ட்டில் கேள்வி கேட்கலாம். ஆனால் 52, 182ஏ என்று போட்டிருந்தால் டெசிபலுக்கு வேலையே இல்லை. அடியில் தொங்குகிற குழாயே சாட்சி. மத்திய மோட்டார் வாகன விதி 120-உம் அப்படித்தான்: சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் வண்டியில் இருக்க வேண்டும். சைலன்சரே இல்லாத வண்டிக்கு மீட்டர் எதற்கு?

“எமிஷன் சர்டிஃபிகேட் இருக்கு சார்” என்று நீட்டுகிறார்கள். அந்தச் சோதனை புகையை அளக்கிறது, சத்தத்தை இல்லை. கன்வர்ட்டர் இல்லாத வண்டிக்கு அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்ற அடுத்த கேள்விக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள்.

“ஈ-மார்க் போட்ட இம்போர்ட்டட் சைலன்சர், ரோடு லீகல்னு ஜே.சி. ரோடு கடையில சொன்னாங்க.” அந்த முத்திரை ஐரோப்பிய அங்கீகாரம். உங்கள் கார் மாடலுக்கு இந்தியாவில் சோதனை செய்து கொடுத்த அனுமதியில் அந்தக் குழாய் கிடையாது.

தொழிற்சாலையிலிருந்தே உறுமலோடு வரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு மாற்றம் செய்ததாகக் கேஸ் வராது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் குடியிருப்புத் தெருவில் நின்று ஆக்சிலரேட்டரை மிதித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுத் தொல்லைப் பிரிவு (292) அவருக்கும் உண்டு. அபராதம் 1,000 ரூபாய் வரைதான். அந்தக் காரின் டயரில் காற்றடிக்கும் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி.என். நம்பர் வண்டி வைத்திருக்கும் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சத்தத்துக்காக நிறுத்தினால் அடுத்த கேள்வி, “இந்த வண்டி எத்தனை நாளா இங்க இருக்கு?” வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண்ணுக்கு மாற வேண்டும் என்கிறது பிரிவு 47. கர்நாடகத்தில் சாலை வரி அதிகம். டி.என். 70 போர்டோடு இரண்டு வருஷமாக மாரத்தஹள்ளியில் நிற்கும் காரை, சைலன்சர் சத்தத்தால் தானே காட்டிக்கொடுக்காமல் இருப்பது நல்லது.

இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைப் பார்க்கிறார்கள். நீங்கள் யார் மேலாவது மோதிவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டை, வண்டியில் மாற்றம் இருந்தது என்று மட்டும் சொல்லிக் கம்பெனி எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் வேறு. மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று சொல்லி இழுக்கவும் மறுக்கவும் செய்வார்கள். இன்ஜின் பக்கம் தீப்பிடித்த வண்டியில் கன்வர்ட்டர் இல்லை என்றால் சர்வேயரின் ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது? எந்தப் பிரிவு என்று கேட்டு, படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2019 செப்டம்பரிலேயே கர்நாடக அரசு பல சமரசத் தொகைகளைக் குறைத்தது. அதனால் ரோட்டில் கேட்கும் தொகையும் சட்டப் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்காது. அதற்காகச் சண்டை வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் புத்தகத்தில் உள்ள உச்ச வரம்புதான் பேசும்.

அப்புறம், பிரிவு 53-ஐ மறந்துவிடாதீர்கள். விதிகளுக்குப் பொருந்தாத வண்டியின் ஆர்.சி.யை, குறை சரிசெய்யப்படும் வரை ஆர்.டி.ஓ. நிறுத்தி வைக்கலாம். அதற்கு முன் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வர வேண்டும், பதில் சொல்லவும் வாய்ப்பு உண்டு. நோட்டீஸ் போவது ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு. சேலம் வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி டி.வி. மேல் வைத்திருப்பார்கள். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவையுங்கள்.

வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒர்க்‌ஷாப் போனால்தான் அடுத்த அதிர்ச்சி. கழற்றிய ஒரிஜினல் கன்வர்ட்டர் அங்கே இருக்காது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. பழைய இரும்புக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகும் சரக்கு. ‘வேஸ்ட்டு பாகம்’ என்று நீங்கள் விட்டுவந்ததை மெக்கானிக் நல்ல விலைக்குத் தள்ளியிருப்பார். கம்பெனிப் பாகத்தைப் புதிதாக வாங்கும்போது, கட்டிய அபராதம் சில்லறையாகத் தெரியும். வாங்கி மாட்டுகிற அன்றே, வண்டி எண்ணும் பாகத்தின் எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஆர்.டி.ஓ. ஆய்வுக்கும் கோர்ட்டுக்கும் நான் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.