ஊறிய முடியும் வளைத்த பிளேடும்

முடியைவிட பிளேடின் எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் சில நாள் ஷேவிங்கிலேயே பிளேடு மழுங்கிவிடுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆனால் இங்கே நடப்பது பெரும்பாலும் தேய்மானமே இல்லை.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த ஜான்லூகா ரோஸ்சியோலி, தன் முகத்தையே மழித்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்திருக்கவில்லை. அங்கங்கே துளித்துளியாகச் சில்லு பெயர்ந்திருந்தது. அப்புறம் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டும் ஒரு சிறு கருவியைச் செய்து கவனித்தபோது காரணம் தெரிந்தது. முடி வளையாமல் நேராக வெட்டுப்பட்டால் விளிம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வெட்டுப்படும் முன் முடி வளைந்துகொடுத்தால், விசை விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எஃகு நுண்ணிய அளவில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கடினமான பகுதியும் சற்று மென்மையான பகுதியும் சந்திக்கும் இடத்தில் அந்தத் தள்ளல் விழுந்தால் சில்லு பெயர்கிறது.

பிரஷ், சோப்பு, ஒற்றை பிளேடு என்று பழைய முறையில் ஷேவ் செய்வதை ஒரு பொழுதுபோக்காகவே நான் வைத்திருக்கிறேன். இந்த ஆய்வைப் படித்த பிறகு அந்தச் சடங்கின் ஒவ்வொரு படியும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முடியை எப்படி வெட்டுக்கு ஏற்றதாக்குவது, பிளேடை எப்படி அசையாமல் நிறுத்துவது என்ற இரண்டே கேள்விகளுக்கான பதில்கள்தான் எல்லாம்.

முதல் பதில் தண்ணீர். முடியும் நகமும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனவை. குளித்து முடித்ததும் நகம் எவ்வளவு சுலபமாக வெட்டுப்படுகிறது என்று பார்த்திருப்பீர்கள். கெராட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைத் தளர்த்திவிடுகிறது. முடி உப்புகிறது, நீளத்தில் சுமார் 2 சதவீதம்தான் கூடும், பருமனோ 15 சதவீதம் வரை கூடும். இப்படி ஊறிய முடியை வெட்ட, காய்ந்த முடிக்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த விசை போதும். ஆனால் ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டு உடனே ரேஸரை எடுப்பதில் பயனில்லை.

அந்த இரண்டு மூன்று நிமிடமும் தண்ணீரை முகத்திலேயே நிறுத்திவைப்பதுதான் நுரையின் வேலை. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சோப்பாக்கும்போது, எளிதில் கரையும் மென்மையான சோப்பு கிடைக்கிறது. அதன் நுரை சீக்கிரம் உடையாது. சோப்பிலுள்ள கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடின நீரில் இதெல்லாம் கெட்டுப்போகும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுவதால் நுரை எழும்பாது.

ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தவறு, நுரை மலைபோல் எழும்பினால் போதும் என்று நினைத்ததுதான். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், கன்னத்தில் பூசிய ஒரு நிமிடத்தில் காய்ந்து பொருக்காகும். தண்ணீர் போதவில்லை என்பது புரியவே நாளாயிற்று. இப்போது பிரஷைச் சுழற்றிக்கொண்டே சில சொட்டுத் தண்ணீர் விடுகிறேன், மறுபடி சுழற்றுகிறேன். முதலில் கண்ணுக்குத் தெரியும் குமிழிகள் மெல்ல மெல்லச் சிறுத்து, கடைசியில் தனித்தனியாகத் தெரியாமலே போகும். நுரையின் மேல் ஒரு ஈரப் பளபளப்பு வரும். பிரஷைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும். அதுதான் பதம். ஷேவிங்கில் எனக்கு மிகவும் பிடித்த நேரமும் அதுதான்.

இனி பிளேடு. மெல்லிய பிளேடைக் கழற்றி மாற்றும் சேஃப்டி ரேஸருக்குக் கிங் கேம்ப் ஜில்லெட் 1901இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1904இல் பெற்றார். தகடுபோல் மெல்லிய எஃகை நெளியாமல் கடினமாக்குவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. அதைத் தீர்த்தவர் வில்லியம் நிக்கர்சன். இன்றைய பிளேடு ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு. 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் அந்தக் கடினம் வருகிறது. தடிமன் வெறும் 0.1 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய தகடு முடியில் மோதினால் அதிராதா?

ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டிப் பாருங்கள், தொங்கிவிடும். அதே தாளைக் கொஞ்சம் குழிவாக வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். சேஃப்டி ரேஸரின் கைப்பிடியைத் திருகும்போது நடப்பதும் இதுதான். வளைந்த மேல்மூடி பிளேடை அழுத்தி வளைக்க, அதனால் விளிம்பு விறைப்பாகிறது. இவ்வளவு எளிமையான ஒரு யோசனை நூறாண்டு தாண்டியும் அப்படியே நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். கோணமானியெல்லாம் தேவையில்லை, காது போதும். சரியான கோணத்தில் முடி வெட்டுப்படும் 'சரசர' ஓசை தெளிவாகக் கேட்கும், கோணம் தவறினால் அது அடங்கிவிடும். கையால் அழுத்தவும் கூடாது. ரேஸரின் எடையே போதும்.

முடி வளரும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை என்று மூன்று தடவை மழிப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒரு முனையில் ஊன்றிய கம்பியின் நீளம் பாதியானால், நுனியில் அதே விசை தரும் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். முதல் சுற்றில் முடி குட்டையானால், அடுத்த சுற்றில் அது அவ்வளவு எளிதில் வளையாது. பல பிளேடு ரேஸரின் வழி வேறு. முதல் பிளேடு முடியை இழுக்க, அது உள்ளே திரும்பும் முன் அடுத்தது வெட்டும். மிச்ச முடி தோலுக்குக் கீழே போய்விடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டியாவது இதனால்தான். அவர்களுக்கு ஒற்றை பிளேடையே நான் சொல்வேன்.

கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஈரமான படிகாரக் கட்டியைத் தேய்க்கிறேன். அது புரதங்களை இறுகச் செய்து சிறு கீறல்களின் ரத்தத்தை நிறுத்துகிறது. கூடவே இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. எங்கே அதிகமாக அழுத்தினேனோ அங்கே மட்டும் எரியும். எனக்கு அது பெரும்பாலும் தாடைக்குக் கீழே, இடது பக்கம். மறுநாள் அந்த இடத்துக்கு வரும்போது கையைத் தளர்த்திக்கொள்கிறேன்.