காட்டில் நடக்கிற பாதம்

"அக்கா, இந்தக் கால் சரியா இருக்கா, பாருங்களேன்" என்று சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்த தம்பி டேப்லட்டை என் பக்கம் நீட்டினார். குதிகால் வலிக்காக பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவதுபோல் வலி, நாலு அடி நடந்தால் குறைகிறது. பாதத்தின் அடித்தசைநார் வீங்கியவர்கள் எல்லாரும் சொல்கிற கதைதான். வேலை, கோலாலம்பூரில் ஒரு கேம் ஸ்டூடியோவில் கதாபாத்திரங்களை உருவாக்குவது. வெளிநாட்டு கேம்களுக்கான உருவங்கள் பல இங்கே நம் ஊரில்தான் உயிர் பெறுகின்றன.

திரையில் இருந்தது ஒரு எல்ஃப் பெண், மாயக் கதைகளில் வருகிற மனிதரைப் போன்ற இனம். கூரிய காது, முதுகில் அம்பறாத்தூணி, காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். வெறுங்கால். பாதத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. பெருவிரல் லேசாக மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்திருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முன்பாதம் குறுகி, குதிகால் குழந்தைக் கன்னம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது.

"தம்பி, இது சப்பாத்து போட்டு வளர்ந்த கால். கழற்றி ஓரமா வச்சிட்டு வந்திருக்கா" என்றேன்.

யாருடைய காலைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். தன் காலையேதான் போட்டோ எடுத்துப் பார்த்தாராம். சின்ன வயதிலிருந்து பள்ளிச் சப்பாத்து, பிறகு ஸ்னீக்கர். அந்தக் கால் அப்படியே அவள் உடம்பில் போய் ஒட்டிக்கொண்டது.

பதினெட்டு வருடமாகப் பாதங்களைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். கேம் ஆடத் தெரியாது. ஆனாலும் அவர் ஸ்டூடியோவில் நடக்கிற விவாதத்தைக் கேட்டதும் அது என் தொழிலின் நடுப்புள்ளியைத் தொடுகிற கேள்வி என்று புரிந்தது. எல்ஃப் மண்ணோடு ஒட்டியவள், வெறுங்கால்தான் பொருத்தம் என்று ஒரு கட்சி. போருக்குப் போகிறவளுக்குப் பூட்ஸ் வேண்டாமா என்று இன்னொரு கட்சி. 'டிராகன் ஏஜ்' வரிசையில் 2009இல் வந்த முதல் கேமில் எல்ஃபுகள் எல்லாரையும் போலச் சப்பாத்து போட்டிருந்தார்களாம். 2011இல் வந்த இரண்டாவதில் பெரும்பாலான எல்ஃபுகள் வெறுங்காலுக்கு மாறிவிட்டார்களாம். இந்த எல்ஃபுகளுக்கெல்லாம் வழிகாட்டியான ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதையில் பார்த்தால், வெறுங்காலோடு திரிகிறவர்கள் ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தார். தோல் தடித்த உள்ளங்கால், மேலே சுருட்டை முடி என்று அவர்களுக்குக் காரணம் சொல்லித்தான் வெறுங்காலாக விட்டிருக்கிறார். பனிமலையில் நடக்கிற எல்ஃபுக்கு மெல்லிய சப்பாத்து கொடுத்திருக்கிறார். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வெறுங்கால் வைத்தால் வேலை கூடும் என்பது எனக்குப் புதுச் செய்தி. பூட்ஸ் என்றால் ஒரே உருண்டை வடிவம், உள்ளே விரல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பல கேம்களில் உருவத்தை அசைக்க, ஐந்து விரலுக்கும் சேர்த்து ஒரே ஒரு எலும்புதான் வைக்கிறார்களாம். நிஜப் பாதத்தில் 26 எலும்புகள். கால் வடிவம் வேறுபட்ட இனங்களைச் சேர்த்தால், கேமில் இருக்கிற ஒவ்வொரு பூட்ஸையும் அவர்களுக்கென்று மறுபடி செய்ய வேண்டும். 2002இல் வந்த 'மோரோவிண்ட்' கேமில் பூனை இனத்தாரும் பல்லி இனத்தாரும் சப்பாத்தே அணிய முடியாது என்று விதியே வைத்துவிட்டார்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். செருப்பைக் கழற்றிய கணத்தில் கிடைத்துவிடுவதில்லை வெறுங்கால். அது வருடக் கணக்கில் விளைகிற உறுப்பு. கதாபாத்திரம் செய்கிறவர்களுக்கு இது தெரிந்தால் படைப்பு நன்றாக வரும். தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களுக்கு இது தெரியாமல் போனால் காலே போகும்.

விளைந்த பாதம் எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். என்னிடம் முட்டி வலிக்காக வருகிற ஒரு பாட்டி, கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சிறுமியாக இருந்தபோதே அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர். கல்யாணமாகும்வரை செருப்பு போட்டதில்லை. "பாட்டி, ஒரு தம்பி உங்க காலை வரைஞ்சிக்கட்டுமா?" என்று கேட்டேன். "இந்தக் காலையா? பார்த்துட்டுப் போகட்டும், அதுல என்ன" என்று கட்டிலில் காலை நீட்டிக்கொண்டார்.

அரைமணி நேரம் வரைந்தார் தம்பி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஐந்து விரலும் விசிறி மாதிரி விரிந்திருந்தன. சுண்டுவிரல் வெளியே பார்த்து நேராக நின்றது. முன்பாதம்தான் காலிலேயே அகலமான இடம். உள்ளங்கால் தோல் பழைய பெல்ட்டைப் போல மஞ்சள் கலந்த பழுப்பு, வழவழப்பான காய்ப்பு. குதிகால் விளிம்பில் மட்டும் பித்தவெடிப்பு, கோடு கோடாக. பாட்டியை எழுந்து நிற்கச் சொன்னேன். எடை இறங்கியதும் விரல்கள் இன்னும் விரிந்து தரையைப் பிடித்தன. தம்பி பென்சிலை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அந்தப் பிடியைத் தன் எல்ஃபிடம் ஒருநாளும் கொடுக்கவில்லையே என்றார்.

இதற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. 1992இல் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களைச் சேகரித்து வெளியிட்டார்கள். சப்பாத்து, செருப்பு போட்டு வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். அதிலும் முன்பக்கம் மூடிய சப்பாத்து போட்ட பிள்ளைகளிடம் அதிகம். ஆறு வயதுக்குள் பாதம் எப்படி நடந்ததோ அது வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் முடிவு. நம் வீடுகளில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவதைப் பார்த்துப் பயப்படும் தாய்மார்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன். வீட்டுக்குள்ளும் சுத்தமான புல்தரையிலும் ஓடட்டும்.

2019இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. கென்யாவில் வெறுங்காலோடு வாழ்பவர்களையும் சப்பாத்து போடுபவர்களையும் ஒப்பிட்டார்கள். காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் உள்ளங்காலின் தொடு உணர்வு மங்குவதில்லை என்று கண்டார்கள். தடித்த தோல் அழுத்தத்தை அப்படியே உள்ளே நரம்புக்குக் கடத்துகிறது. மெத்தை வைத்த சப்பாத்துதான் அதை மறைக்கிறது. பாட்டியின் காலுக்கு முள்ளிலிருந்து காவலும் உண்டு, மணலுக்கும் சருகுக்கும் வித்தியாசம் சொல்லும் உணர்வும் உண்டு. மரக்கிளையில் சத்தமில்லாமல் நடக்கிற எல்ஃபுக்கு வேண்டியது இந்தப் பாதம்.

ஓட்டத்திலும் ஒரு திருத்தம் சொன்னேன். சப்பாத்தோடு ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் குதிகாலில் இறங்குவார்கள். பழக்கமாக வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குவார்கள். 2010இல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லிபர்மனின் குழு இதை அளந்து காட்டியது. நடக்கும்போது இருவருமே குதிகாலைத்தான் முதலில் வைப்பார்கள், ஓடும்போதுதான் மாறுகிறது. பூட்ஸ் போட்ட வீரனுக்குச் செய்த ஓட்ட அசைவை அப்படியே வெறுங்கால் எல்ஃபுக்கும் மாட்டினால், கல்லில் ஒவ்வொரு அடிக்கும் அவள் குதிகால் எலும்பில் இடி விழும்.

அப்படியானால் சப்பாத்தே வேண்டாமா? தோட்டத்து மக்களின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் விழுந்ததற்கு மலேரியாவோடு இந்தப் புழுவும் ஒரு காரணம். பாட்டியின் பாதத்தைப் பார்த்து நான் வியக்கிறேன். அவர் செருப்பு போடாதது விரும்பியல்ல, வாங்க வழியில்லாததால் என்பதையும் மறக்க மாட்டேன். இன்றும் வெள்ளநீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும்.

நம் கதைகளிலும் இரண்டு வகைக் காட்டு வில்லாளிகள் இருக்கிறார்கள். பாதுகையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வனவாசத்தைத் தொடர்ந்த ராமன் ஒருவர். செருப்புக் காலோடு சன்னிதிக்கே போன கண்ணப்பர் இன்னொருவர். கண்ணப்பர் வேடர், காட்டிலேயே பிறந்தவர். காட்டை உண்மையாக அறிந்தவர் காலில் செருப்பு இருந்தது என்பதை நான் கவனிக்காமல் விட முடியவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டார் தம்பி. சொந்தக் காட்டில் வெறுங்கால், பனியிலும் போரிலும் தூரப் பயணத்திலும் மெல்லிய அடி வைத்த தோல் சப்பாத்து. எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றார், 1964இல் தோக்கியோவில் சப்பாத்தோடு ஓடி வென்றார். இரண்டு முறையும் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடி முடித்ததில்லை. விளைந்த பாதம் சப்பாத்துக்குள் போனாலும் உடனே தன் வலிமையை இழந்துவிடுவதில்லை. விளையாத பாதம் திடீரென்று வெளியே வந்தால்தான் உடைகிறது. தித்திவங்சா ஏரிப் பூங்காவில் வெறுங்கால் ஓட்டம் பழகுகிறேன் என்று முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடி, முன்பாத எலும்பில் விரிசலோடு வந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் புல்லில் பத்து நிமிடம் நடந்தால் போதும். குதிகால் வலிக்காரர்கள் வீட்டு டைல்ஸ் தரையில்கூட வெறுங்காலோடு நடக்க வேண்டாம், அடி தடித்த வீட்டுச் செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன்.

இனி, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் மற்ற இனங்களைவிட அதிகம். வருடக் கணக்கில் சர்க்கரை ஏறி நிற்கும்போது பாத நரம்புகள் மெல்லச் சாகின்றன. பலருக்கு வலியே இருக்காது, அதனால் தெரிவதில்லை. பாட்டியின் தடித்த தோலுக்கு நேர் எதிரான நிலை இது: வெளியே தோல் எப்படி இருந்தாலும், உள்ளே செய்தி சொல்ல ஆளில்லை. தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகாமாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். தார்ச்சாலை நடுப்பகலில் கொதிக்கும். உணர்வு உள்ள கால் துள்ளி நிழலுக்கு ஓடும். உணர்வில்லாத கால் வெந்துகொண்டே நடக்கும். ஒருவர் வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது தண்ணீரோடு தோல் வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆறு வாரத்தில் அவருக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நேர்த்திக்கடன் வேண்டாம் என்று சொல்ல நான் யார். நானும் பால்குடம் எடுத்தவள்தான். விரதம் தொடங்கும்போதே ஒரு முறை பாதத்தைச் சோதித்துவிடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலேயே செய்வார்கள், ஐந்து நிமிடம் ஆகாது. உணர்வு குறைந்திருந்தால் வெயிலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவில் வண்டியில் போய்ப் படிக்கட்டு மட்டும் ஏறுங்கள். நடந்து வந்தபின் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வலி போகட்டும் என்று வெந்நீரில் காலை விடாதீர்கள். சூட்டை அறியாத கால் அங்கேயும் வேகும்.

போன மாதம் தம்பி புதிய பாதத்தைக் கொண்டுவந்து காட்டினார். விரல்கள் விரிந்திருந்தன, குதிகால் விளிம்பில் வெடிப்புகூட வைத்திருந்தார். கூடவே அவர் அப்பாவும் வந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீர், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வெறுங்கால் நடை. படுக்கவைத்து, "கண்ணை மூடிக்குங்க ஐயா, தொடுற இடத்துல 'ம்'னு சொல்லுங்க" என்றேன். இந்தச் சோதனைக்கு ஒரு நைலான் இழை இருக்கிறது, மீன்பிடி நரம்பு மாதிரி. 10 கிராம் அழுத்தம் விழுந்ததும் வளைந்துவிடும். பெருவிரல் நுனியில் வைத்து வளையும்வரை அழுத்தினேன். பிறகு பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மகன் இழை வளைவதை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அன்றைக்கே அவர் பாதத்தை அளந்து, விரல் பக்கம் அகலமான, உள்ளே தையல் உறுத்தாத சப்பாத்து எழுதிக் கொடுத்தேன். பத்துமலையில் 272 படிகளையும் சப்பாத்தோடு ஏறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மேலே சன்னிதி வாசலில் மட்டும் கழற்றி மகன் கையில் கொடுப்பது என்று பேசி முடித்தோம்.