கடைசி ஓரடியில் பூனைக்கு மீசைதான் கண்

கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், பூனை இருப்பது கொஞ்சுவதற்கு மட்டும் இல்லை, எலிக்காகத்தான். சோளத்தட்டுப் போருக்குள்ளேயும், மஞ்சள் மூட்டை அடுக்கிய அறையிலும், கட்டுத்தரையில் தவிட்டு மூட்டைக்குப் பின்னாலும் எலி இருக்கும், வெளிச்சம் இருக்காது. பூனைக்குத்தான் இருட்டிலும் கண் தெரியுமே என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகவே பார்க்கும், ஆனால் துளி வெளிச்சமும் இல்லாத இடத்தில் அதற்கும் ஒன்றும் தெரியாது. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: மூக்குக்கு முன்னால் சுமார் ஓரடிக்குள் இருக்கும் பொருள் பூனையின் கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். தூரத்தில் அசைவதைப் பார்ப்பதற்கென்று அமைந்த கண் அது. அப்படியென்றால் எலியைக் கவ்வப் போகிற கடைசி நொடியில் எதை நம்பிப் பாய்கிறது? மீசையைத்தான்.

மேலுதட்டுக்கு இரண்டு பக்கமும் நான்கு வரிசையில், பக்கத்துக்குச் சுமார் 12 முடிகள் இருக்கும். கண்ணுக்கு மேலே, கன்னத்தில், தாடையிலும் சில உண்டு. முடிக்குள் நரம்பு கிடையாது, நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். விஷயமெல்லாம் வேரில் இருக்கிறது. உடம்பில் உள்ள சாதாரண முடியைவிடச் சுமார் மூன்று மடங்கு ஆழத்தில் இறங்கியிருக்கும் அந்த வேரைச் சுற்றி ரத்தம் நிரம்பிய ஒரு சின்னப் பை, அதைச் சூழ்ந்து ஏராளமான நரம்பு முனைகள். தொரட்டியால் வெள்வேலங்காய் பறிக்கிறவருக்கு, கொக்கி கொத்தில் மாட்டியதா நழுவியதா என்று அண்ணாந்து பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும் இல்லையா, அதே மாதிரிதான். நுனி எதிலாவது பட்டாலும், காற்று லேசாகத் தள்ளினாலும், எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்தது என்பது வேருக்குத் தெரிந்து, அங்கிருந்து மூளைக்குப் போகிறது.

பாயும்போது கவனித்துப் பாருங்கள். அதுவரை பக்கவாட்டில் விரிந்திருந்த மீசை முழுக்க முன்னால் வந்துவிடும், அதற்கென்றே வேரைச் சுற்றித் தசைகள் இருக்கின்றன. கவ்விய பிறகு எலியைச் சுற்றி வளைத்த மாதிரி மீசை நிற்கும். எலி துள்ளுகிறதா, எந்தப் பக்கம் திமிறுகிறது, கழுத்து எங்கே என்பதெல்லாம் அந்தத் தொடுதலில் தெரிகிறது. முன்னங்காலின் பின்புறம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலேயும் சில மீசைமுடிகள் உண்டு, பாதத்துக்குள் அமுக்கிய இரை அசைகிறதா என்று பார்க்க அவை உதவும். வீட்டுப் பூனையின் காலைத் திருப்பிப் பார்த்தால் தெரியும், விட்டால்.

எலிக்கும் இதே கருவி உண்டு என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அது நடக்கும்போது நொடிக்குப் பலமுறை மீசையை முன்னும் பின்னும் வீசித் தடவிக்கொண்டே போகும். 1970-ல் வூல்சி, வான் டெர் லூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுண்டெலி மூளையில் ஒவ்வொரு மீசைமுடிக்கும் தனித்தனியாக நரம்புச் செல் கூட்டம் இருப்பதைக் காட்டினார்கள். ஆக, தட்டுப்போருக்குள் நடக்கும் துரத்தலில் இரண்டு பக்கமும் மீசையை வைத்துத்தான் வழி பார்க்கின்றன.

கிளுவை வேலிச் சந்தில் நுழையும் முன் தலையை மட்டும் விட்டுப் பார்க்குமே, அதுவும் இந்தக் கணக்குதான், மீசை இடிக்கிறதா என்று பார்த்துச் சந்தின் அகலத்தை அளக்கிறது. பூனையின் காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோளை ஒட்டி இருப்பது) மற்ற எலும்புகளோடு இணையாமல் தசைக்குள் மிதப்பதால், தலை போனால் பெரும்பாலும் உடம்பும் போய்விடும். தின்று கொழுத்த பூனைக்கு மட்டும் இது பொய்க்கும், உடம்பு பெருத்தால் மீசை நீளாது.

குழந்தைகள் கத்தரிக்கோலோடு பூனையிடம் போனால் தடுத்துவிடுங்கள். வெட்டினால் வலிக்காது, ஆனால் வளர்கிற வரை இருட்டில் தடுமாறும், குறி தப்பும். தானாக ஒன்றிரண்டு உதிர்ந்து கிடந்தால் கவலை வேண்டாம், திரும்ப முளைக்கும். மொத்தமாகக் கொட்டினாலோ மீசை இருக்கும் தோல் சிவந்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.