குளத்தில் ஏன் புகை இல்லை?

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பத்தி இது: “எழுதிப் படித்தால்தான் பாடம் மனதில் நிற்கும். என் அக்கா எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினாள். ஆகவே எல்லோரும் எழுதித்தான் படிக்க வேண்டும்.”

ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனாலும் வாதம் நிற்காது. ஏன் என்று விளக்க நான் கையில் எடுப்பது மணிமேகலையின் 29ஆம் காதை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. ஒரு காப்பியத்துக்குள் இவ்வளவு கறாரான பாடமா என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோகிறேன்.

அடிகள் தரும் உதாரணம் எளியது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்த கூற்று. புகை இருப்பதால்: இது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல: இது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பை நாம் ஏற்கெனவே கண்ட இடம் அடுக்களை. மாணவர்கள் இதுவரை தாமாகவே வந்துவிடுகிறார்கள். நம் மாணவிக்கு அவளுடைய அக்காதான் அடுக்களை.

அடிகள் அதோடு விடுவதில்லை. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இராது, நீரைப் போல என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் வைக்கிறார். அதன் பெயர் வைதன்மிய திட்டாந்தம். மாணவர் கட்டுரைகளில் நான் தேடித் தேடியும் கிடைக்காதது இதுதான். நூறு அடுக்களைகளைக் காட்டலாம். நெருப்பே இல்லாமல் ஒரு குளத்தில் புகை எழுந்தால் போதும், ஏது உடைந்துவிடும்.

குளத்துப் பக்கம் போய்ப் பார்ப்பது மனதுக்கு இயல்பாக வருவதில்லை. 1960இல் உளவியலாளர் பீட்டர் வேசன் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார். 8, 10, 12? பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடிவுகட்டினால் தவறு. எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், விதி அவ்வளவே. 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 29 பேரில் 6 பேர்தான் தவறான விடை எதுவும் சொல்லாமல் சரியான விதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சரி, அந்த மாணவிக்கு வருவோம். அவளிடம் இரண்டு கேள்வி கொடுத்தேன். எழுதாமலே படித்து நினைவில் வைத்திருப்பவர் உண்டா? எழுதிப் படித்தும் மறந்தவர் உண்டா? முதல் கேள்வி அவளுடைய ‘தான்’ என்ற சொல்லுக்கு வைத்த சோதனை. இரண்டாவது, ஏதுவுக்கே வைத்த சோதனை. வகுப்பைச் சுற்றி வந்தாள். பத்து நிமிடத்தில் இரண்டு வகை ஆட்களும் கிடைத்தார்கள்.

அப்புறம் மதிப்பெண். அக்காவுக்குப் பாடம் நினைவில் நின்றதா, தெரிந்த கேள்விகளே வந்தனவா? ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பை நிறுவுவதையும் அடிகள் குற்றமாகச் சொல்கிறார். ஐயத்துக்குரிய சான்றின்மேல் கட்டிய முடிவும் ஐயத்துக்குரியதே.

ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் மெய்யியலாளர் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, கூற்று, சான்று இவற்றோடு, கூற்று எவ்வளவு உறுதியானது, எப்போது பொருந்தாது என்பவற்றுக்கும் தனி இடம் கொடுத்தார். இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத் திருப்பி எழுதச் சொன்னேன். மறுநாள் வந்த பத்தி:

“கணக்கை எழுதிப் போட்டுப் பார்ப்பது எனக்கும் அக்காவுக்கும் உதவியது. விடையைப் பார்த்து அப்படியே எழுதுவது உதவும் என்று சொல்ல முடியவில்லை. என் தோழி மூன்று நோட்டு நிரப்பியும் தேர்வில் மறந்துவிட்டாள். வரலாற்றை வாய்விட்டுப் படித்தே நினைவில் வைத்திருப்பவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.”

‘எல்லோரும்’ போய்விட்டது. ‘தான்’ இருந்த இடத்தில் தோழி வந்து உட்கார்ந்திருந்தாள்.