முகூர்த்தத்துக்கு நான் வர முடியாமல் போனால்: மாற்று போட்டோகிராபர் பற்றிச் சில வார்த்தைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 13 வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் சொன்னபடி போக முடியவில்லை. அந்த ஒன்று இன்னமும் மனதில் கிடக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

இங்கே தமிழ்க் கல்யாணம் என்றால் சனிக்கிழமை இரவு நலங்கு, ஞாயிறு காலை முகூர்த்தம். அன்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பெண் வீட்டு நலங்கை எடுத்துவிட்டு வீடு திரும்பும்போது மணி பதினொன்றரை. பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன், மெமரி கார்டுகளை நகலெடுத்தேன், படுத்தேன். இரண்டு மணிக்கு இடுப்பில் ஒரு வலி. எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சிறுநீரகக் கல். மூன்றரை மணிக்கு மருத்துவமனையில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் முகூர்த்தம்.

எனக்கு மாற்று ஆள் இல்லாமல் இல்லை. "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் அண்ணே" என்று மூத்த நண்பர் ஒருவரிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். அவரும் "அதற்கென்ன தம்பி" என்றிருந்தார். விடியற்காலை அவரை எழுப்பினால், அவர் பக்கத்து ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. தேதி என்ன என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே.

கடைசியில், முன்பு சில மாதம் என்னிடம் உதவியாளராக இருந்த ஒரு பையன் போனான். நல்ல பையன், வெளிச்சம் தெரிந்தவன். ஆனால் அவன் தனியாக எடுத்தவை எல்லாம் சர்ச் கல்யாணங்கள். அங்கே மோதிரம் மாற்றும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், போட்டோகிராபர் நாற்காலி வரிசைகளுக்கு இடையே உள்ள நடுவழியில் நின்றால் போதும். இவனும் நடுவழியில் நின்றான். கெட்டிமேளம் ஒலித்ததும் முன்வரிசை முழுக்க எழுந்து அட்சதை போட்டது. இவனுக்குக் கிடைத்தது பட்டுச்சேலை முதுகுகள், தூக்கிய கைகள், ஓரத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை. ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தாலி கட்டுற படம் எங்கே தம்பி?"

வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் புரிந்தது, சொல்லி வைப்பது வேறு, ஏற்பாடு செய்வது வேறு. நம் தொழிலில் பெரும்பாலோர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாரைக் கேட்டாலும் "எனக்கு நாலு பேரைத் தெரியும்" என்பார்கள். அந்த நாலு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்குமா என்று கேட்டால் பதில் வராது.

இந்த ஊரில் ஞாயிறுதான் சிக்கலே. ஆடியிலும் புரட்டாசியிலும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மிச்சமிருக்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், எல்லாக் கல்யாணமும் வந்து குவிகிறது. ஆக, நல்ல முகூர்த்த நாளில் எனக்கு வேலை இருந்தால், என் அளவுக்கு வேலை தெரிந்த எல்லோருக்கும் வேலை இருக்கும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஆளை வரவழைக்கலாம் என்றால் சாலையில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். விடியற்காலை இரண்டு மணிக்கு வரும் வலிக்கு அது உதவாது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டோம். ஆண்டுத் தொடக்கத்தில் நாலு பேரும் காலண்டரைத் திறந்து வைத்து உட்காருகிறோம். கூட்டம் மிகுந்த ஞாயிறுகளில் முறைவைத்து ஒருவர் வேலை எடுக்காமல் இருக்கிறார். மற்ற மூவரும் தங்கள் அன்றைய கூலியில் பத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். கூப்பிட்டால் அன்றைய முழுக்கூலியும் அவருக்கு. முதலில் எனக்கே இது வீண் செலவாகத்தான் பட்டது. பணம் கொடுத்த பிறகுதான் அந்த ஆள் சனிக்கிழமை ராத்திரி தூங்கப் போகுமுன் பையைத் தயாராக வைக்கிறார், போனைச் சத்தத்தில் வைக்கிறார், வெளியூர் போவதில்லை. நட்பை மட்டும் நம்பி ஒருவரை ஒரு ஞாயிறு முழுக்கக் காத்திருக்கச் சொல்வது நியாயமும் இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது 2022 ஏப்ரல் வெள்ளம். 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உம்ட்லோட்டிக்கு வடக்கே எம்4 கடற்கரைச் சாலை இடிந்து விழுந்தது. டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டின் குடிநீர் நிலையம் நாசமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் ஈஸ்டர் விடுமுறை, முன்பே குறித்த கல்யாணங்கள் இருந்தன. டோங்காட்டில் ஒன்றுக்கு நான் போக வேண்டும். லாரியில் வந்த தண்ணீரில்தான் சமையல், ஆனாலும் கல்யாணத்தை நிறுத்தவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது பெண் அழைப்பு முடிந்துவிட்டது. அன்றைக்கு என் மாற்று ஆள் எனக்கு மூன்று தெரு தள்ளி சாட்ஸ்வொர்த்தில் இருந்தார். எனக்கு வழியில்லாத இடத்துக்கு அவருக்கு மட்டும் எப்படி வழி இருக்கும்? இப்போது எங்கள் நால்வரில் ஒருவர் டோங்காட் பக்கம், ஒருவர் ஃபீனிக்ஸ், ஒருவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். டர்பனில் கடலில் கலக்கும் உம்கேனி ஆற்றுக்கு இந்தப் பக்கமும் ஆள் உண்டு, அந்தப் பக்கமும் ஆள் உண்டு.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவர் கையில் என்ன கொடுக்கிறோம்? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். கேமரா பிடிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்தக் குடும்பம் தெரியாது. நான் மூன்று மாதமாக அவர்களோடு பேசி, வீட்டில் டீ குடித்து, நலங்கில் எல்லோரையும் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரே ஒரு தாள் எழுதுகிறேன்.

மண்டபத்தின் முகவரியும் முகூர்த்த நேரமும் யார் எழுதினாலும் வரும். என் தாளில் அதற்குமேல் இருப்பது இப்படி: பெண்ணின் அப்பா தவறிவிட்டார், மேடையில் அவர் படம் மாலையோடு இருக்கும், பெண் அந்தப் படத்தை வணங்கும் நேரத்தை விட்டுவிடாதே. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்கள், இருவரையும் ஒரே படத்தில் நிற்கக் கூப்பிடாதே. சக்கர நாற்காலியில் வரும் ஆயா பெண்ணை வளர்த்தவர், அவர் மேடை ஏற மாட்டார், மணமக்கள் இறங்கி வந்து காலில் விழுவார்கள், அதற்கு ஓரத்தில் இடம் பிடித்து வை. எதையாவது கேட்க வேண்டுமானால் பெண்ணின் பெரியக்காவைக் கேள், அம்மாவைத் தொந்தரவு செய்யாதே.

அப்புறம் சடங்கின் வரிசை. நம் ஊர்ச் சடங்கு நமக்குத் தெரியும் என்று விட்டுவிடக் கூடாது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியதிலிருந்து எத்தனையோ ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு, ஐயருக்கு ஐயர் வரிசை மாறும். அதனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஐயரிடமே கேட்டு எழுதிவிடுகிறேன். தாலிக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: பெண் கூறைச் சேலை மாற்றி வந்து, தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்தில் சுற்ற ஆரம்பித்ததும், நடுவழியை விட்டு மேடைமேல் ஏறிவிடு. ஐயருக்குப் பின்னால், பெண்ணின் இடது தோள் பக்கம். மூன்று முடிச்சும் முடியும்வரை அங்கிருந்து நகராதே. அந்தப் பையனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த மூன்று வரிதான்.

தொழில் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோருடைய கேமராவிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் நலங்குப் படமும் கல்யாணப் படமும் குழம்பிப் போகும். இரண்டு கார்டு போடும் கேமராவாக இருக்கட்டும், இரண்டிலும் ரா ஃபைல் (கேமரா பதியும் மூலப் படம்) பதியட்டும். அவர் கேனான், நான் சோனி என்றால் என் லென்ஸ் அவருக்கு உதவாது என்பதை முன்பே யோசிக்க வேண்டும். மின்வெட்டு ஆறாம் நிலைவரை (நிலை ஏற ஏற மின்வெட்டும் கூடும்) போன 2022, 2023 வருஷங்களில் ஜெனரேட்டர் இல்லாத ஹாலில் ஃபிளாஷை மட்டும் நம்பி எடுத்திருக்கிறோம், அதனால் உபரி பேட்டரி எத்தனை என்பதும் தாளில் இருக்கும். வேலை முடிந்ததும் கார்டு நேராக என் வீட்டுக்கு வர வேண்டும், வழியில் எங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது. வண்டிக்குள் வைத்த கேமராப் பை இந்த ஊரில் திரும்பக் கிடைக்காது.

குடும்பத்திடம் மறைக்காமல் இருப்பது இன்னொரு விஷயம். மாற்று ஆள் உண்டு என்று சொன்னால் வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடுவார் என்று சில நண்பர்கள் நினைக்கிறார்கள். எனக்கு நேர் எதிரான அனுபவம். அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே அவர் பெயரையும் அவர் எடுத்த ஒரு முழு ஆல்பத்தையும் காட்டிவிடுகிறேன். பொறுக்கி எடுத்த பத்து படத்தைக் காட்டினால் போதாது, ஒரு கல்யாணம் முழுவதும். முடிந்தால் நலங்கு அன்று அவரை அழைத்துப் போய் ஒரு வணக்கம் சொல்ல வைக்கிறேன். மறுநாள் அவர் தனியாக வந்து நின்றால் அந்நியராகத் தெரிய மாட்டார்.

ஒப்பந்தத் தாளிலும் இது எழுத்தில் இருக்க வேண்டும். 2008-ன் 68-ம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 47-ம் பிரிவு, முன்பதிவை ஏற்றுவிட்டு ஆள்பலம் போதாமல் அதை நிறைவேற்றத் தவறினால் பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்கிறது. அதே தரத்தில் வேறொருவரை ஏற்பாடு செய்து தர நாம் முன்வந்தோமா என்பதையும் அதே பிரிவு கணக்கில் எடுக்கிறது. மணமக்களின் போன் எண்ணையும் முகவரியையும் மாற்று ஆளுக்குக் கொடுக்க அவர்களின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். 2021 ஜூலை 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பதிப்புரிமையையும் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் 1978 சட்டப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. எனக்குப் பதிலாகப் போனவர் அந்தப் படங்களைத் தன் இணையப் பக்கத்தில் போட நான் மட்டும் அனுமதி தந்தால் போதாது, மணமக்களும் தர வேண்டும்.

கல்யாணம் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். போட்டோகிராபரிடம் "உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வருவார்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெயர் சொல்கிறாரா, "யாராவது வருவாங்க" என்கிறாரா என்று பாருங்கள். பெயர் சொன்னால், அந்தப் பெயருக்கு உரியவருக்கு உங்கள் தேதி தெரியுமா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அபசகுனமாகப் பேசுவதாக யாராவது நினைத்தால் நினைக்கட்டும். சமையலுக்கு உபரி கேஸ் சிலிண்டர் வைப்பதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லையே.

இவ்வளவையும் செய்த பிறகு ஒரு ஓட்டை மிச்சம் இருந்ததை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அன்று ராத்திரி எனக்குச் சுயநினைவு இருந்தது, வலியோடாவது போன் செய்ய முடிந்தது. "மயங்கிக் கிடந்திருந்தால் யார் யாருக்குப் போன் செய்திருப்பார்கள்?" என்று கேட்டாள். என் போனின் பூட்டு எண்கூட அவளுக்குத் தெரியாது. இப்போது வியாழக்கிழமை இரவு தாளை இரண்டு பிரதி எடுக்கிறேன். ஒன்றை மாற்று ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்துவிட்டேன்" என்று அவர் பதில் போடும்வரை விடுவதில்லை. இன்னொன்று குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும், அவர் எண்ணும் பெண்ணின் பெரியக்கா எண்ணும் பெரிய எழுத்தில். கேமராப் பை வாசல் பக்கத்தில் இருக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்குள் நான் எழுந்து அந்தத் தாளைக் கிழிக்கவில்லை என்றால், என்னை எழுப்பிப் பார்த்துவிட்டு அவளே போன் செய்வாள்.