ஜிஐ பில்: நெட்வொர்க் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுக்கு அரசு எதைத் தருகிறது, எதைத் தராது

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வெளியே வந்து, கணினி வலையமைப்பு அல்லது இணையப் பாதுகாப்பு வேலைக்குப் போக நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுபவை, ஒரே வாரத்தில் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார் செய்துவிடுவதாகச் சொல்லும் துரிதப் பயிற்சி வகுப்புகளின் விளம்பரங்கள்தான். "ஜிஐ பில் ஏற்கப்படும்" என்ற ஒரு வரி அவற்றில் பெரும்பாலும் இருக்கும். ஜிஐ பில் என்பது படையில் பணியாற்றியவர்களின் படிப்புக்கு அமெரிக்க அரசு தரும் உதவி. அந்த வரிக்கு என்ன பொருள் என்று சரியாகத் தெரியாமல் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருந்தக்கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம். நம்மவர்களிலும் இதற்கு உரியவர்கள் உண்டு: 2009 முதல் குறிப்பிட்ட மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, அங்கேயே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய பணிக்கான ஜிஐ பில்லின் கீழ், 36 மாதங்கள் முழுநேரப் பணி முடித்தவருக்கு முழு அளவிலும், 90 நாட்களுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்கு அதற்கேற்ற விழுக்காட்டிலும், மொத்தம் 36 மாதப் படிப்புக்கான உரிமை கிடைக்கிறது. 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பணியிலிருந்து விடுபட்டவர்களுக்கு இந்த உரிமை காலாவதி ஆவதே இல்லை. இதைக் கல்லூரிப் படிப்புக்கு மட்டுமானது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். தொழில் உரிமம், சான்றிதழ் ஆகியவற்றுக்கான தேர்வுகளின் கட்டணத்தையும் இதிலிருந்து திரும்பப் பெறலாம்.

ஒரு தேர்வுக்கு அதிகபட்சம் 2,000 டாலர் வரை கிடைக்கும். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏ-வுக்கு 300 டாலர், அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி தேர்வுக்கு 749 டாலர் என்பதே அமெரிக்காவில் கட்டணமாக இருப்பதால், இந்தத் துறையின் முக்கியத் தேர்வுகள் வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. எத்தனை தேர்வுகள் எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. தேர்வில் தோற்றாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதே தேர்வை மறுபடி எழுதினால் அதற்கும் கிடைக்கும். பயத்தினாலேயே தேர்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தப் பணம் இலவசமாக வருவதில்லை. உங்கள் 36 மாதத்திலிருந்து கழிக்கப்படுகிறது. முன்பு எவ்வளவு சிறிய கட்டணமானாலும் ஒரு முழு மாதம் குறைந்துவிடும். 2018 ஆகஸ்ட் 1 முதல், வாங்கிய தொகைக்கு ஏற்ற விகிதத்தில் மட்டுமே கழிக்கிறார்கள். முழு உரிமை உடையவருக்கு ஒரு மாதம் என்பது அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்கான முழுக் கட்டணத்தையும் வீட்டு வாடகைப் படியையும் குறிக்கும் என்பதால், பின்னால் பட்டப்படிப்பு எண்ணம் இருப்பவர்கள் சிறு தேர்வுக் கட்டணங்களைக் கைப்பணத்திலேயே கட்டிவிடுவது நல்லது.

துரித வகுப்பு என்பது வேறு கணக்கு. தேர்வுக்குத் தரும் பணத்தைக் கொண்டு வகுப்புக் கட்டணத்தைக் கட்ட முடியாது. தேர்வுக்கான ஆயத்த வகுப்புகளுக்கும் உதவி தரலாம் என்று பிற்பாடு ஒரு சட்டத் திருத்தம் வந்தது. இருந்தாலும் எல்லா வகுப்பும் அதில் சேராது, ஒப்புதல் பெற்ற வகுப்பாக இருக்க வேண்டும். ஆகவே முன்னாள் படைவீரர் நலத்துறையின் இணையதளத்திலுள்ள ஜிஐ பில் ஒப்பீட்டுக் கருவியில் அந்த நிறுவனத்தின் பெயரும் அந்தத் தேர்வின் பெயரும் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

நடைமுறை எளிதுதான். தேர்வுக்கு நீங்களே பணம் கட்டி எழுதிவிட்டு, 22-0803 என்ற படிவத்துடன் ரசீதையும் தேர்வு முடிவின் நகலையும் இணைத்து அனுப்ப வேண்டும். தேர்வு மையத்தில் கையில் கொடுக்கும் மதிப்பெண் தாளைத் தோற்ற கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்; தோற்றவருக்கும் அதுதான் ஆதாரம். வகுப்பையும் தேர்வையும் ஒரே தொகையாகச் சேர்த்து விற்பவர்களிடம், தேர்வுக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்தபின் சான்றிதழை வழங்குவதற்கென்று தனியே கேட்கும் கட்டணம் இந்தத் திட்டத்தில் சேராது.

எந்தத் தேர்வுக்கு ஒரு வாரம் போதும் என்பதையும் சொல்ல வேண்டும். காம்ப்டியா அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புத் தேர்வான செக்யூரிட்டி பிளஸ்-இல் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. தேவையற்ற இணையத் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலின் விதிகளைத் திரையில் நாமே அமைத்துக் காட்டச் சொல்வது போன்ற செய்முறைக் கேள்விகளும் வரும். படையில் நெட்வொர்க் வேலை பார்த்தவருக்கு ஒரு வாரத் தீவிரப் பயிற்சி இதற்குப் பயன்படும். நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டரைத் தொட்டே பார்க்காதவருக்குப் போதாது. சிஐஎஸ்எஸ்பி கதையே வேறு. அதன் எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு ஊதியப் பணி அனுபவம் வேண்டும். உரிய பட்டமோ ஏற்கப்பட்ட வேறு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு குறையும். அனுபவம் இல்லாமல் தேர்வில் வென்றவர் அதை வழங்கும் அமைப்பில் இணை உறுப்பினராக மட்டுமே இருக்க முடியும். அனுபவத்தைச் சேர்க்க அவருக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. படையில் செய்த பாதுகாப்புப் பணியும் அனுபவக் கணக்கில் சேரும் என்பதால், பணி விவரக் கடிதங்களை விடைபெறும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

இன்னொரு வழி, படைவீரர்களுக்குக் கணினித் தொழில்நுட்பப் பயிற்சி தரும் வெட் டெக் என்ற திட்டம். 2019-இல் தொடங்கிய இந்த முன்னோடித் திட்டத்தில், பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டணத்தின் கால் பங்கு சேரும்போதும், கால் பங்கு முடிக்கும்போதும், மீதிப் பாதி மாணவருக்கு வேலை கிடைத்த பிறகும்தான் தரப்பட்டது. வேலை கிடைக்காவிட்டால் நிறுவனத்துக்குப் பாதிப் பணம் இல்லை என்ற இந்த ஏற்பாடு மிகச் சரியானது என்பது என் கருத்து. அதன் சேர்க்கை 2024 ஏப்ரலில் நின்றது. 2025 ஜனவரி 2-இல் கையெழுத்தான சட்டம் அதற்கு மீண்டும் வழி செய்தது. வகுப்புக்குப் பணம் கட்டும் முன், இதில் இடம் இருக்கிறதா என்று நலத்துறையிடம் கேட்டுப் பாருங்கள்.

சிசிஎன்ஏ, செக்யூரிட்டி பிளஸ் இரண்டும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. அதற்காக மறுபடி தேர்வு எழுதினால், அந்தக் கட்டணத்தையும் இதே படிவத்தில் கேட்டுப் பெறலாம்.