கொழுப்புத் திசுவில் அணையாத அழற்சி

வயிற்றில் சேரும் கொழுப்பை, மிஞ்சிய ஆற்றலைச் சேமித்து வைக்கும் கிடங்காக மட்டுமே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் அழற்சியை (காயம், தொற்று நேரும்போது உடல் காட்டும் தற்காப்பு எதிர்வினை) தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதம் மிகுந்திருப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் 1993இல் கோகான் ஹோத்தமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர் கண்டறிந்தபோது அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் சுரப்பவை கொழுப்புச் செல்கள் அல்ல, அவற்றினிடையே குடியேறிய மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களே என்பது 2003இல் வெளிவந்த ஆய்வுகளில் தெளிவானது.

அவை அங்கே வருவதற்குக் காரணம் உண்டு. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்புச் செல் ஒரு கட்டத்தில் மடிகிறது. அதைச் சுத்தம் செய்ய, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் திசுவுக்குள் இறங்கி மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், இறந்த செல்லைச் சுற்றி அவை கிரீடம் வைத்தாற்போல நெருங்கி நிற்பது தெரியும். நடுவிலுள்ள எண்ணெய்த் துளியோ எந்தவொரு மேக்ரோபேஜும் முழுதாக விழுங்க முடியாத அளவுக்குப் பெரியது. ஆகவே சில நாட்களில் முடிய வேண்டிய வேலை முடிவதில்லை. உடல் பருமன் நீடிக்கும்வரை புதிய செல்கள் மடிந்துகொண்டிருப்பதால், அழற்சியும் மெல்லிய அளவில் ஆண்டுக்கணக்கில் நீடித்து, இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்கள் ரத்தத்தில் கலந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் சிஆர்பி என்ற புரதத்தைத்தான் மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனையில் அளக்கிறார்கள்.

இதயத் தமனியிலும் இதே செல்கள்தான். தமனிச் சுவருக்குள் கசிந்த எல்டிஎல் என்னும் ‘கெட்ட’ கொலஸ்டிராலை விழுங்கி விழுங்கி மேக்ரோபேஜ்கள் கொழுப்பு நிறைந்த நுரைச் செல்களாகிப் படிவாகத் திரள்கின்றன. உள்ளே படியும் கொலஸ்டிரால் படிகங்கள் இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெளிவரச் செய்கின்றன. மேக்ரோபேஜ்கள் சுரக்கும் நொதிகள் அந்தப் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்து ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

கொலஸ்டிரால் அளவை மட்டும் பார்த்து இதயத்தை மதிப்பிடுவது போதாது என்று நான் கருதுவதற்கு 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வே வலுவான சான்று. முன்பே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், இன்டர்லூக்கின்-1பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசி, எல்டிஎல் அளவைக் குறைக்காமலேயே, 150 மில்லிகிராம் அளவில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றே கூடின. காவல் காப்பதும் இந்த அழற்சிதானே. கவுட் என்னும் கீல்வாதத்துக்குப் பழங்காலமாகத் தரப்படும், அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரையைக் குறைந்த அளவில் இதய நோயாளிகளுக்குக் கொடுக்க அமெரிக்கா 2023இல் அனுமதித்துள்ளது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு அது ஆகாது.